பாரிஸ்–ரூபே சேலஞ்ச், 145 கி.மீ.: ஓட்டி முடித்தவனின் குறிப்புகள்

பாரிஸ்–ரூபே சேலஞ்ச் என்ற சைக்கிள் ஓட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறவர்கள் முதலில் டயரில் காற்றைக் குறையுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். நான் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் கடைக்காரர் 100 பிஎஸ்ஐ வரை அடித்துக் கொடுத்திருந்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், இம்மியும் உள்ளே போகவில்லை. தார்ச் சாலையில் 50 கிலோமீட்டர் அது வழுக்கிக்கொண்டு போனது. அரென்பெர்க் காட்டுக்குள் கல் ஆரம்பித்த முதல் நூறு மீட்டரிலேயே தண்ணீர் பாட்டில் துள்ளி விழுந்து எங்கோ உருண்டு ஓடிவிட்டது. பற்கள் ஒன்றோடொன்று மோதின. முன்னால் போகிறவர் இரண்டு பேராகத் தெரிந்தார். அந்த இடத்தில் நிறுத்தவும் முடியாது, பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 2,300 மீட்டர் அப்படியே போக வேண்டும்.

சரி, விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாரிஸ்–ரூபே என்பது பிரான்சின் வடக்கில் வருடத்துக்கு ஒருமுறை, வழக்கமாக ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில் நடக்கும் ஒருநாள் சைக்கிள் பந்தயம். சுமார் 260 கிலோமீட்டர். அதில் 55 கிலோமீட்டர் போல, கல் பாவிய பழைய வயல்வழிகள். அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். எண்கள் மேலிருந்து கீழே இறங்கும், கடைசித் துண்டுக்கு எண் 1. ஒவ்வொன்றுக்கும் கடினத்தைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம். ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை வீரர்கள் ஓட்டும் அதே கற்களின் மேல் முந்தின நாள் சனிக்கிழமை நம்மைப் போன்றவர்கள் பணம் கட்டி ஓட்டலாம். அதற்குப் பெயர்தான் சேலஞ்ச். பந்தயத்தை நடத்தும் நிறுவனமே இதையும் நடத்துகிறது. 70, 145, 170 என்று மூன்று தூரங்கள். நான் 2025 ஏப்ரல் 12 அன்று 145 ஓட்டினேன்.

நான் சோமனூர்க்காரன். வீட்டில் விசைத்தறி. பதினெட்டு வருடமாகத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. ரூபே என்ற பெயர் எனக்குப் பந்தயத்தால் தெரிய வரவில்லை, கூரியர் சீட்டால் தெரிய வந்தது. சாம்பிள் பார்சல்களில் அந்த ஊர்ப் பெயரை எத்தனையோ முறை எழுதி ஒட்டியிருக்கிறேன். எங்களிடம் துணி வாங்கும் பையர் நிறுவனத்தின் அலுவலகத்தைப் பார்க்க முதல் தடவை அங்கே போனபோது ஊர் முழுக்கச் செங்கல் மில் கட்டடங்கள். பல மூடிக் கிடந்தன. சிலவற்றை வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் மாற்றியிருந்தார்கள். ஒரு காலத்தில் ஆயிரம் புகைபோக்கி ஊர் என்று இதைச் சொல்வார்களாம். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த அமைதி என்னவோ செய்தது. அன்று சாயங்காலம்தான் ஊர் ஓரத்தில் இருக்கும் வெலோட்ரோமை, அதாவது சைக்கிள் பந்தய அரங்கத்தை, பார்த்தேன். இந்தப் பந்தயத்தை ஆரம்பித்தவர்களே மில் முதலாளிகள் என்றும் அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கதை இது. தியோடோர் வியேன், மொரிஸ் பெரெஸ் என்ற இரண்டு நூற்பாலை முதலாளிகள் 1895இல் ரூபேயில் ஒரு வெலோட்ரோம் கட்டினார்கள். கட்டிய இடத்துக்குக் கூட்டம் வர வேண்டுமே. பாரிஸிலிருந்து கிளம்பி இங்கே வந்து முடிகிற மாதிரி ஒரு பந்தயம் வைத்தால் என்ன என்று பாரிஸின் விளையாட்டுப் பத்திரிகையான 'லெ வெலோ'வுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் காலத்தின் பெரிய பந்தயம் போர்தோ–பாரிஸ். அதில் பாதித் தூரம்தான் இது, அதற்குத் தயாராகிறவர்களுக்கு நல்ல பயிற்சியாகவும் இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்கள். வழியைப் பார்த்துவரப் பத்திரிகை விக்டர் ப்ரேயே என்ற தன் ஆளை அனுப்பியது. அமியேன் ஊர் வரை மோட்டார் வண்டியில் போனவர் மறுநாள் சைக்கிளில் ஏறினார். மழை, குளிர், கல், சேறு. ரூபே போய்ச் சேர்ந்தபோது ஆள் உருத்தெரியவில்லை. இந்தப் பந்தயமே வேண்டாம், யாராவது செத்துப்போவார்கள் என்று தந்தி அடிக்கத்தான் நினைத்தாராம். குளித்து, சாப்பிட்டு, நாலு பேரோடு பேசின பிறகு மனம் மாறினார். அந்த ஒரு சாப்பாடு இல்லாவிட்டால் நான் ஓட்டிய அந்தச் சனிக்கிழமையே இல்லை!

1896 ஏப்ரல் 19 அன்று முதல் பந்தயம். 280 கிலோமீட்டர், முதல் பரிசு 1,000 பிராங்க். ஜெயித்தது யோசெஃப் ஃபிஷர் என்ற ஜெர்மானியர். மூன்றாவதாக வந்த மொரிஸ் காரன், இத்தாலியிலிருந்து சிறுவயதில் வந்து புகைபோக்கி சுத்தம் செய்து பிழைத்தவர். ரூபேயில் சைக்கிள் கடை வைத்திருந்தார். 1897, 1898 இரண்டு வருடமும் அவரே ஜெயித்தார்.

பெயரில் பாரிஸ் இருந்தாலும் 1966இலிருந்து பந்தயம் அங்கே தொடங்குவதில்லை. 1977 முதல் கொம்பியேன் ஊரிலிருந்து கிளம்புகிறது.

இனி நான் ஓட்டின கதைக்கு வருகிறேன். 145ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது ரூபேயில் தொடங்கி ரூபேயிலேயே முடிகிறது. 170 என்றால் விடியலுக்கு முன்னால் பேருந்து ஏறித் தெற்கே பூசினி ஊருக்குப் போய் அங்கிருந்து ஓட்டி வர வேண்டும். 145இல் முதல் பகுதி முழுக்கத் தார். அரென்பெர்க் காட்டிலிருந்து ரூபே வரை மிச்சமிருக்கும் 19 கல் துண்டுகளும் ஒன்று விடாமல் கிடைத்துவிடும். 70இல் கடைசித் துண்டுகள் மட்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு 145 போதும் என்பது என் எண்ணம். சாலைகள் சனிக்கிழமை அடைக்கப்படுவதில்லை, கார்களும் டிராக்டர்களும் வரும், சந்திப்புகளில் ஆட்கள் நின்று கொடி காட்டுவார்கள்.

என்னோடு வந்தவர் பாரிஸில் இருக்கும் யாழ்ப்பாணத் தம்பி. எங்கள் அலுவலகத்துக்குச் சரக்கு அனுப்பும் வேலையில் அறிமுகமானவர். அவருக்கு இது மூன்றாவது தடவை. கிளம்பும்போதே என் டயரைத் தொட்டுப் பார்த்து, "அண்ணை, காத்து கூடிப்போச்சு, கொஞ்சம் இறக்குங்கோ" என்றார். கடைக்காரருக்குத் தெரியாதா என்று நான்தான் விட்டுவிட்டேன்.

அரென்பெர்க் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வாலேர் என்ற ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். 1989இல் மூடிவிட்டார்கள். ஆட்களையும் கரியையும் மேலே தூக்கிய இரும்புக் கோபுரங்கள் மூன்றும் இன்னும் நிற்கின்றன. அந்தச் சுரங்க வட்டாரம் 2012 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கோபுரங்களைத் தாண்டியதும் காடு. காட்டுக்குள் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோடாகக் கல் பாதை. அந்த வட்டாரத்துச் சுரங்கத்தில் சிறுவயதில் வேலை பார்த்தவர் ழான் ஸ்தாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பிற்பாடு சைக்கிள் வீரராகி 1962இல் உலக சாம்பியன் ஆனார். அறுபதுகளில் ஊருக்கு ஊர் சாலைகளில் தார் ஊற்ற ஆரம்பித்தார்கள், பந்தயத்துக்குக் கல்லே கிடைக்காத நிலை. வழி தேடிக்கொண்டிருந்த முன்னாள் வீரர் ஆல்பர் பூவேயிடம் இந்தக் காட்டுப் பாதையைச் சொன்னது ஸ்தாப்லின்ஸ்கிதான். 1968இல் முதன்முதலாகப் பந்தயம் இதற்குள் போனது. அந்த வருடம் ஜெயித்தவர் எடி மெர்க்ஸ். அரென்பெர்க்கின் மேலே சைக்கிளிலும் அடியில் சுரங்கத்திலும் போன ஒரே வீரர் ஸ்தாப்லின்ஸ்கிதான் என்பார்கள். காட்டின் வாயிலில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஓட்டுகிற வேகத்தில் அதைத் தவற விடாதீர்கள். ஒரு நிமிடம் இறங்கிப் பாருங்கள். எப்படியும் கல்லுக்குள் போகும் முன் மூச்சு வாங்க வேண்டியிருக்கும்.

அந்தக் கற்கள் எப்படி இருக்கும் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நம் கோயில் பிரகாரத்துக் கல்லை நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு செங்கல்லின் அகலத்துக்குக் கொஞ்சம் கூட, மேல்முகம் தேய்ந்து உருண்டு, ரொட்டி மாதிரி உப்பியிருக்கும். ஒரு கல் உயரம், பக்கத்துக் கல் பள்ளம். நடுவில் விரல் நுழையும் இடைவெளி, அதில் பாசியும் புல்லும் கரிய மண்ணும். பாதை முழுக்க ஆமை முதுகு மாதிரி நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிறது. நடுமேட்டின் மேலேயே போக வேண்டும். கொஞ்சம் ஒதுங்கினாலும் சைக்கிள் தானாகப் பள்ளத்துக்கு வழுக்கும். சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கினால் ஹேண்டில்பாரைத் திருப்ப முயலாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், தானாக மேலே ஏறிவிடும். கனத்த கியரில் போட்டு, சீட்டில் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கையை லேசாக வைத்துக்கொள்வதுதான் முறை. "இறுக்கிப் பிடியாதேங்கோ அண்ணை, அது தன்ரை பாட்டிலை போகட்டும்" என்று தம்பி பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார். எனக்கு அது புரிந்து கைக்குப் பழகும்போது காடு முடிந்துவிட்டது.

1998இல் பெல்ஜிய வீரர் யோஹான் மூசேயு விழுந்தது இங்கேதான். முழங்கால் சில்லு நொறுங்கி, காயத்தில் கிருமி ஏறி, காலையே எடுக்க வேண்டிவருமோ என்ற நிலை. இரண்டு வருடம் கழித்து 2000இல் தனியாக வெலோட்ரோமுக்குள் வந்து, கோட்டைத் தாண்டும்போது அந்தக் காலைத் தூக்கி முழங்காலைச் சுட்டிக் காட்டினார். அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லின் மேல் ஒரு தடவை போன பிறகுதான் அவர் எதைக் காட்டினார் என்பது எனக்கு உறைத்தது.

காட்டை விட்டு வெளியே வந்ததும் இருவரும் ஓரமாக நிறுத்திக் காற்றை இறக்கினோம். கிட்டத்தட்ட 65க்கு வந்திருக்கும். என்னுடையது 28 மில்லிமீட்டர் டயர். இப்போதெல்லாம் தொழில்முறை வீரர்களே 30, 32 என்று அகலமான, டியூப் இல்லாத டயர் போட்டுக் காற்றைக் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கே அது வேண்டும் என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம். பாட்டில் கூண்டின் திருகாணியும் பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. தம்பி பையிலிருந்து ரப்பர் பட்டையை எடுத்து இறுகச் சுற்றிக்கொடுத்து, தன் பாட்டில் ஒன்றையும் தந்தார். ஆகவே வாடகைக் கடையில் சைக்கிள் எடுப்பவர்கள் ஒவ்வொரு திருகாணியையும் நீங்களே ஒருமுறை முடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வயல்வெளி. கிழங்கும் கோதுமையும் விளையும் சமதளம், எந்தப் பக்கம் பார்த்தாலும் தேவாலயக் கூம்பு ஒன்று தெரியும். ஓர்னேங்கிலிருந்து வாந்தீன்யி போகும் 17ஆம் எண் துண்டுதான் மிக நீளம், 3.7 கிலோமீட்டர். அதற்கு நான்கு நட்சத்திரம். எனக்கு அரென்பெர்க்கைவிட இதுதான் உயிரை வாங்கியது. அரென்பெர்க்கில் பயம் இருந்ததால் வலி தெரியவில்லை. இங்கே பயம் போய் வலி மட்டும் மிஞ்சியது. உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் கிளம்பி உடைந்தது. அடுத்து நிறுத்திய இடத்தில் வாழைப்பழமும் வாஃபிளும் கொடுத்தார்கள். வாழைப்பழத்தின் தோலை உரிக்க விரல் மடங்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன கடலை மிட்டாயைப் பல்லால் கவரைக் கிழித்துத் தின்றேன். இனிப்பு நிறையக் கிடைக்கும், உப்பாக எதையாவது நீங்களே எடுத்துப்போங்கள்.

இந்தப் பந்தயத்துக்கு 'வடக்கின் நரகம்' என்று பேர். கல்லைப் பார்த்துத்தான் வைத்தார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. முதல் உலகப் போரில் நான்கு வருடம் பந்தயம் நின்றிருந்தது. 1919இல் மறுபடி நடத்த முடியுமா, சாலை என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் பத்திரிகைக்காரர்கள் வடக்கே போனார்கள். போகப்போக மரமே இல்லை. குண்டு விழுந்த குழிகள், கூரையில்லாத ஊர்கள், சேறு, முறிந்த கம்பிகள், கல்லறைச் சிலுவைகள். அதைப் பார்த்து எழுதின சொல் அது. அந்த வருடம் பந்தயம் நடந்தது. ஆன்ரி பெலிசியே 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டி ஜெயித்தார். மணிக்கு 23 கிலோமீட்டர்கூட இல்லை. இதுவரை அதைவிட மெதுவான பந்தயம் கிடையாது. வழியில் ரயில்வே கேட்டில் ஒரு ரயில் நின்றுவிட்டது. முன்னணியில் இருந்தவர்கள் பெட்டிக் கதவைத் திறந்து சைக்கிளோடு ஏறி மறுபக்கம் இறங்கிப் போனார்கள். இதைத் தம்பி சொன்னபோது நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பி, இடிந்த வீட்டுக்கு முன்னால் நின்று சைக்கிள் பந்தயம் பார்த்த சனங்களைப் பற்றி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் வாயைக் கிளற நான் விரும்பவில்லை.

மோன்ஸ்-ஆன்-பெவேல், 3 கிலோமீட்டர், ஐந்து நட்சத்திரம். இங்கே நான் பார்த்தது கல் போட்டவர்களின் வேலையை. பாதையின் ஒரு பக்கம் சமீபத்தில் திருத்தியிருந்தார்கள். பழைய கல் உருண்டு பளபளக்கிறது. புதிதாகத் திருப்பிப் பதித்த கல் விளிம்பு கூராக, இடைவெளியில் வெளிர் மணலோடு நிற்கிறது. எங்கே பழசு முடிகிறது, எங்கே புதுசு ஆரம்பிக்கிறது என்று கோடு போட்ட மாதிரி தெரியும். 'பாரிஸ்–ரூபே நண்பர்கள்' என்று ஒரு சங்கம் இருக்கிறது. எண்பதுகளிலிருந்து இந்த வேலை அவர்களுடையது. ஒரு காலத்தில் இந்தக் கல் பாதை இருப்பதையே ஊர்த் தலைவர்கள் வெட்கமாக நினைத்துத் தாருக்கு மனுப் போட்டார்களாம். பந்தயம் தொலைக்காட்சியில் வரத் தொடங்கிய பிறகு எங்கள் ஊர்க் கல்லைச் சேருங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். தோட்டக்கலைப் பள்ளி மாணவர்கள் குளிர்காலத்தில் வந்து முட்டி போட்டு, ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து, அடியில் மண் போட்டு, சுத்தியலால் தட்டி உட்கார வைக்கிறார்கள்.

பிரெஞ்சில் இந்தக் கல்லுக்கு 'பாவே' என்று பெயர். முதன்முதலில் கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. நாம் கல் பாவுகிறோம். எங்கள் தறியில் நீளவாக்கில் ஓடும் நூலும் பாவுதான். இரண்டு மொழிக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த மாணவர்கள் குனிந்து வேலை செய்யும் படத்தைச் சங்கத்தின் பலகையில் பார்த்தபோது, ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவின் நூலை இழை இழையாகப் பிணைக்க உட்காரும் எங்கள் வீட்டு ஆட்களின் முதுகுதான் ஞாபகம் வந்தது. நாலாயிரம் இழை, ஒன்று விட்டாலும் துணியில் தெரியும். இதிலும் ஒரு கல் எழும்பி நின்றால் யாரோ ஒருவரின் தோள்பட்டை எலும்பு போகும்.

ரசிகர்கள் நினைவாகக் கல்லைத் தோண்டி எடுத்துப் போகிறார்களாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜெயித்தவருக்குக் கொடுக்கும் கோப்பையே பீடத்தில் வைத்த ஒரு பாவுகல்தான். 1977இலிருந்து வழக்கம். 260 கிலோமீட்டர் ஓட்டிச் சம்பாதிக்கிறவருக்கு உரிய பொருள் அது.

நடுவில் உள்ள துண்டுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வலித்தது, ஓட்டினேன்.

கார்ஃபூர் தெ லார்ப்ர என்ற ஐந்து நட்சத்திரத் துண்டு ரூபேக்கு 15 கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போது வருகிறது. 2.1 கிலோமீட்டர், முடிவில் தனியாக ஒரு கட்டடம். பந்தயத்தை இங்கே தீர்த்தவர்கள் பலர். நான் வந்தபோது ஹேண்டில்பார் நாடாவில் என் கொப்புளத்து ரத்தம் ஒட்டியிருந்தது. லிசி டெய்னனை நினைத்துக்கொண்டேன். 2021 அக்டோபரில் பெண்களுக்கான முதல் பாரிஸ்–ரூபே. ஆண்கள் தொடங்கி 125 வருடம் கழித்து! மழையில், சேற்றில், 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி டெய்னன் ஜெயித்தார். கையுறை போடாததால் ஹேண்டில்பார் முழுக்க ரத்தம். அவருக்குப் பரிசு 1,535 யூரோ. மறுநாள் ஆண்களில் ஜெயித்த சோனி கொல்பிரெல்லிக்கு 30,000. கல் ஒன்று, சேறு ஒன்று. இந்தக் கணக்கை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கடைசித் துண்டு ரூபே ஊருக்குள், 300 மீட்டர், வெலோட்ரோமுக்குச் சற்று முன்னால். சமமாகப் பாவியது, வலிக்காது. நடுவில் ஜெயித்தவர்களின் பெயரும் வருடமும் பொறித்த கற்கள். அதற்கு ஷார்ல் க்ருப்லாண்ட் பெயரை வைத்திருக்கிறார்கள். ரூபே வட்டாரத்து மண்ணின் மைந்தர். 1912, 1914 இரண்டு முறை ஜெயித்தார். முதல் உலகப் போரில் வீரப்பதக்கம் வாங்கித் திரும்பியவரை ஒரு வழக்கைக் காட்டிப் பந்தயங்களிலிருந்து தடை செய்தார்கள். 1955இல் பார்வையும் போய், இரண்டு காலும் எடுக்கப்பட்ட நிலையில் இந்த ஊரிலேயே இறந்தார். அந்த 300 மீட்டரை நான் நடை வேகத்தில்தான் ஓட்டினேன். நீங்களும் அப்படியே ஓட்டுங்கள், பெயர்களைப் படிக்க முடியும்.

பிறகு வலப்பக்கம் திரும்பி வெலோட்ரோம். அரை கிலோமீட்டர் சுற்றளவுள்ள கான்கிரீட் வட்டம், திறந்த வானம். 145 கிலோமீட்டர் முடித்த கைக்கும் முதுகுக்கும் அந்த வழவழப்பு என்ன சுகம் என்று எழுதிக் காட்ட முடியாது. சத்தமே இல்லை. சங்கிலியின் சரசரப்பு மட்டும் கேட்கிறது. ஒன்றரைச் சுற்று சுற்றி முடித்ததும் பதக்கம் போட்டார்கள்.

1949இல் ஆந்திரே மாஹே இந்த வாசலில்தான் ஏமாந்தார். முன்னணியில் வந்த மூன்று பேரில் ஒருவர். வாசலில் வழி காட்டியவர்கள் தவறான பக்கம் திருப்பிவிட, அரங்கத்தைச் சுற்றிப்போய்ப் பத்திரிகையாளர் மேடைப் பக்கமாக உள்ளே குதித்து முதலில் கோட்டைத் தொட்டார். பின்னால் வந்த கூட்டத்தில் முதலாவது செர்ஸே கோப்பி, மாபெரும் வீரர் ஃபௌஸ்தோ கோப்பியின் தம்பி. மாஹே சரியான வழியில் வரவில்லை என்று முறையீடு. மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் இரண்டு பேருமே வென்றவர்கள் என்று தீர்ப்பு. இப்போதும் அந்த வருடத்துக்கு எதிரே இரண்டு பெயர்கள்தான்.

குளியலறையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வெலோட்ரோமை ஒட்டிய பழைய கட்டடம். உள்ளே மார்பளவு கான்கிரீட் தடுப்புகள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு சின்னப் பித்தளைத் தகடு, அதில் வென்றவர் பெயரும் வருடமும். மேலே குழாயிலிருந்து சங்கிலி தொங்குகிறது. இழுத்தால் தண்ணீர். தொழிலாளர் குடியிருப்பின் பொதுக் குளியலறைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நான்கு முறை ஜெயித்த ரோஜர் டி ஃப்ளேமிங்க், அதே நான்கைத் தொட்ட டாம் போனன், எல்லோருக்கும் அந்தத் தகடுதான். போனனின் ஐந்தாவது வெற்றியை 2016இல் தடுத்த மாத்யூ ஹேமன் பெயரைத் தேடிப் பார்த்தேன். கை முறிந்து ஐந்து வாரமே ஆன நிலையில், வீட்டுக்குள் நிறுத்தி வைத்த சைக்கிளில் பயிற்சி எடுத்து வந்து ஜெயித்தவர். என் தேய்ந்த விரலால் அந்தத் தகடைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

சனிக்கிழமை ஓட்டியதில் 2025இல் ஒரு பெரிய லாபம் இருந்தது. அந்த வருடம் பெண்கள் பந்தயமும் அன்றுதான் நடந்தது. கொஞ்சம் சீக்கிரம் முடித்ததால் வெலோட்ரோமில் உட்கார்ந்து பார்த்தோம். பெரிய திரையில் போலின் ஃபெரான்-ப்ரெவோ தனியாகப் பிரிந்து வருவதைக் காட்டினார்கள். 2024 ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளில் தங்கம் வாங்கியவர், சாலைப் பந்தயத்துக்கு அப்போதுதான் திரும்பியிருந்தார். சில நாள் முன்புவரை உடம்பு சரியில்லாமல் இருந்தாராம். நாங்கள் ஓட்டி வந்த அதே துண்டுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தபோது, எங்கே கல் எழும்பியிருக்கும், எங்கே ஓரம் சரியும் என்று எங்கள் உடம்புக்கே தெரிந்தது. தம்பி உட்கார்ந்த இடத்திலேயே தோளைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். 1997க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் யாரும் இங்கே ஜெயித்திருக்கவில்லை. "அண்ணை, வாறா, வாறா!" என்று தம்பி எழுந்து நிற்கும்போது, வாசலில் சத்தம் கிளம்பி வளைவு முழுக்க எங்களை நோக்கி ஓடி வந்தது. பக்கத்திலிருந்த வயதான பிரெஞ்சு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் கொப்புளம் அவர் கைக்குள் எரிந்தது, இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

மறுநாள் ஆண்கள் பந்தயத்தை வயல் ஓரத்தில் நின்று பார்த்தோம். மாத்யூ வான் டெர் பூல் தொடர்ந்து மூன்றாவது முறையாக ஜெயித்தார். ஒக்தாவ் லாபீஸ், ஃபிரான்செஸ்கோ மோசர் இருவருக்குப் பிறகு அப்படிச் செய்தவர் அவர்தான். முதன்முறை வந்த தடேய் போகாச்சர் ஒரு திருப்பத்தில் விழுந்தும் இரண்டாவதாக வந்தார். வயல் ஓரத்தில் அவர்கள் நம்மைத் தாண்டுவது பத்து நொடி. புழுதி அடங்க அதைவிட நேரமாகும்.

போக நினைப்பவர்களுக்கு மிச்சக் குறிப்புகள். ரூபேயில் தங்க இடம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் லில் நகரம் இருக்கிறது, மெட்ரோ உண்டு. ஹேண்டில்பாரில் இரட்டை நாடா சுற்றச் சொல்லுங்கள். கையுறை போடுங்கள், ஆனால் பழகிய கையுறையாக இருக்கட்டும். உபரி டியூப் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஏதாவது ஒரு கல் துண்டில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துக் காற்றைச் சரி செய்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை முக்கியமான மீட்டிங் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு பையர் அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு ஒன்று இருந்தது. பேனா பிடிக்க முடியாமல் எல்லாவற்றையும் போனில் பேசிப் பதிவு செய்தேன்.

இன்னொரு தடவை போவேன். 170, என் சொந்த சைக்கிள், 32 டயர். தம்பியிடம் சொல்லிவிட்டேன், அவரும் வருகிறார்.